டயக்னோசிஸா, டிஸ்சார்ஜா? பத்து எழுத்தில் தொலைந்த தேதி

பழைய ஆஸ்பத்திரி டேட்டா ஒன்றைத் திறக்கிறீர்கள் என்று வச்சுக்கோங்க. அதில் ரெண்டு தேதி ஃபீல்டு இருக்கு. ஒன்று நோயைக் கண்டுபிடித்த தேதி, இன்னொன்று வீட்டுக்கு அனுப்பிய தேதி. எது எதுன்னு ஃபீல்டு பெயரைப் பார்த்தால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்குப் பின்னால் நாற்பது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

1970களின் கடைசி. அமெரிக்காவில் நாசாவுக்கு விண்கலங்கள் செய்து தரும் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி. அங்கே வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப் என்பவருக்கு ஆபீஸ் ஃபுட்பால் பந்தயத்தில் ஜெயிக்கணும்னு ஆசை. ஆட்டக் கணக்குகளை அலசுவதற்காக ஒரு புரோகிராம் எழுதினார். 'ஸ்டார் ட்ரெக்' ஸ்பாக்கை நினைத்து அதற்கு வல்கன் என்று பெயர் வைத்தார். பிறகு ஆஷ்டன்-டேட் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பெயர் டிபேஸ் டூ. டிபேஸ் ஒன் என்று ஒன்று விற்பனைக்கு வந்ததே இல்லை! ரெண்டாம் பதிப்புன்னா ஜனங்க நம்பி வாங்குவாங்கன்னு ஒரு வியாபார யுக்தி.

அன்றைய கம்ப்யூட்டரின் நினைவகம் 64 கிலோபைட். இன்னைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெருசு. ஒவ்வொரு பைட்டையும் எண்ணித்தான் செலவு பண்ணணும். அதனால் ஒரு ஃபீல்டின் பெயருக்கு ஒதுக்கியது 11 பைட். கடைசி பைட் "பெயர் இங்கே முடிந்தது" என்று காட்ட. கைக்கு வருவது 10 எழுத்து.

1984-ல் டிபேஸ் த்ரீ வந்தது, அதிலும் 10. அதைப் பார்த்து வந்த ஃபாக்ஸ்ப்ரோவிலும் 10. 90களில் நம்ம ஊர் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளில் டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ என்று எழுதியிருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சம்பளப் பட்டியல், மருந்து ஸ்டாக், நோயாளி பதிவு என்று எல்லாம் அதில் ஓடின.

இப்போ விரல் விட்டு எண்ணுங்க. 'டேட் ஆஃப் டயக்னோசிஸ்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் டி-ஏ-டி-இ, ஒரு அடிக்கோடு, ஓ-எஃப், இன்னொரு அடிக்கோடு, டி-ஐ. பத்து முடிஞ்சது. 'டேட் ஆஃப் டிஸ்சார்ஜ்' எழுதுங்க. அதே பத்து எழுத்து! வித்தியாசம் பதினோராவது எழுத்தில்தான் ஆரம்பிக்குது.

ஓபியில் "எஸ். முருகன்" என்று கூப்பிட்டால் ரெண்டு பேர் எழுந்து நிற்பார்கள் இல்லையா, அதே கதை.

இந்தத் தொல்லையை மைக்ரோசாஃப்ட் 1995-ல் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 3-ல் தீர்த்து வைத்தது. தீர்த்த விதம்தான் பிரச்சினை. 128 எழுத்து வரை பெயர் வைக்கலாம் என்றார்கள். ஆனால் பழைய டிபிஎஃப் ஃபைலின் தலைப்பகுதியில் அதே 11 பைட்தான்.  அதனால் நீளமான பெயர்களை டிபிசி என்ற தனி ஃபைலில் வைத்தார்கள். டேட்டா ஒரு வீட்டில், அதன் பெயர் பக்கத்து வீட்டில்.

பிறகு ஒருநாள் மெஷின் மாற்றுகிறார்கள். யாரோ ஒருவர் டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைல்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறார். டிபிசி பழைய மெஷினோடு காயலான் கடைக்குப் போய்விடுகிறது. ஃபைல் திறக்கும், ஒரு நோயாளியின் வரிகூட விடுபட்டிருக்காது. ஆனால் பெயர்கள் பத்து எழுத்துக்குச் சுருங்கிவிடும். ரெண்டு பெயர் ஒன்றாகிவிட்டால் ஃபாக்ஸ்ப்ரோ ரெண்டாவதன் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு 2 என்று போடும். ஆக ஒன்று 'டி-ஐ'யில் முடியும், இன்னொன்று 'டி-2'. எது முதலில் வந்தது? டேபிளை டிசைன் பண்ணியவருக்குத்தான் வெளிச்சம்.

"சரி டாக்டர், ஒரு தேதிதானே?" என்பீர்கள். கேன்சரில் ஒருவர் எத்தனை நாள் வாழ்ந்தார் என்பதைப் பெரும்பாலும் நோய் கண்டறிந்த நாளிலிருந்து எண்ணுவோம். ஒருவருக்கு மார்ச் 3 அன்று நோய் தெரிந்தது, மார்ச் 24 அன்று வார்டிலேயே இறந்துவிட்டார் என்று வையுங்கள். டிஸ்சார்ஜ் ஃபீல்டிலும் மார்ச் 24 என்றுதான் இருக்கும். தப்பான ஃபீல்டிலிருந்து எண்ணினால் அந்த மனுஷர் ஒரு நாள்கூட வாழவில்லை. 21 நாள் மாயம். கம்ப்யூட்டரும் எர்ரர் காட்டாது, ரெண்டுமே முறையான தேதிதானே.

அப்போ குட்டைப் பெயர்தான் குற்றவாளியா? நான் அப்படி நினைக்கல. மருந்து ஆராய்ச்சியைப் பாருங்க. ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் பிறந்த சாஸ் மென்பொருளில் பெயருக்கு 8 எழுத்துதான். 1990களின் கடைசியில் அது 32 ஆனது. ஆனால் அமெரிக்க எஃப்டிஏ 1999-ல் டேட்டா அனுப்பத் தேர்ந்தெடுத்தது பழைய ட்ரான்ஸ்போர்ட் வடிவத்தை. அதனால் பெயர் 8 எழுத்து, விளக்கம் 40 எழுத்து. ஒரு லேப் ரிசல்ட்டின் பெயர் 'எல்-பி-ஓ-ஆர்-ஆர்-இ-எஸ்'. மந்திரம் மாதிரி இருக்கு.

ஆனாலும் அங்கே யாரும் குழம்புவதில்லை. ஒவ்வொரு குட்டைப் பெயருக்கும் பொருள் சொல்லும் டிஃபைன் ஃபைலும் டேட்டாவோடு சேர்ந்தே போகணும் என்பது விதி. பெயரையும் டேட்டாவையும் பிரிக்க விடுவதில்லை.

ஃபாக்ஸ்ப்ரோவில் அப்படி ஒரு விதியை யாரும் போடல. மைக்ரோசாஃப்ட் அதன் கடைசிப் பதிப்பான 9-க்கான ஆதரவை 2015 ஜனவரியில் முடித்துக்கொண்டது. உங்க ஆஸ்பத்திரியில் மூலையில் இன்னும் ஒரு பழைய மெஷின் இருந்தால், டிபிஎஃப், எஃப்பிடி ஃபைல்களோடு டிபிசி, டிசிடி, டிசிஎக்ஸ் மூன்றையும் சேர்த்தே காப்பி பண்ணச் சொல்லுங்க. அந்த டேபிளை டிசைன் பண்ணினவர் இன்னும் ரிட்டயர் ஆகலைன்னா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஃபீல்டு பட்டியலை அவர் கையாலேயே எழுதி வாங்கிடுங்க.