ஹம் நகரப் பள்ளி மதிய உணவும் குழந்தைகளின் பாதுகாப்பும்

ஜெர்மனியின் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், லிப்பே ஆற்றங்கரையில் உள்ள ஹம் நகரைத் தமிழர்கள் காமாட்சி அம்பாள் கோயிலால் அறிவார்கள். இம்மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் முழுநாள் ஏற்பாடு 2003 முதல் பரவியதால் பிள்ளைகள் பலருக்கு மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தச் செலவை 2011இல் வந்த கல்வி உதவித் திட்டம் ஏற்கிறது. அந்தப் பெற்றோர் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கட்ட வேண்டியிருந்த 1 யூரோவும் 2019 ஆகஸ்டு முதல் இல்லை. முழுநாள் பராமரிப்பு 2026 ஆகஸ்டில் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகச் சட்ட உரிமை ஆகிறது. இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும் சாப்பாட்டின் தரத்தைப் பெரும்பாலும் சுவையை வைத்தே பேசுகிறோம். பாதுகாப்பைச் சுவையால் அளக்க முடியாது.

2012 செப்டம்பர் கடைசியில் கிழக்கு ஜெர்மனியின் 5 மாநிலங்களில், பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் சாப்பிட்ட ஏறத்தாழ 11,000 பேர் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். ஹம் அமைந்த மாநிலம் அவற்றில் இல்லை. சீனாவிலிருந்து உறைநிலையில் வந்த ஸ்ட்ராபெரிப் பழங்களில் இருந்த நோரோ வைரஸ்தான் காரணம். பழத்தில் நாற்றமும் இல்லை, நிற மாற்றமும் இல்லை. நன்றாகக் கொதிக்க வைத்திருந்தால் வைரஸ் அழிந்திருக்கும். ஒரே சரக்கு பல சமையற்கூடங்களுக்குப் போனதால்தான் ஒரு குறை இத்தனை ஊர்களுக்குப் பரவியது.

அப்படியானால் நம் சத்துணவு மையங்களைப் போல அந்தந்தப் பள்ளியிலேயே சமைப்பது மேல் அல்லவா என்று கேட்கலாம். பாதிப்பின் பரப்பு குறையும், உண்மைதான். கொடுமை குறையும் என்று சொல்ல முடியாது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரே பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. ஆசிரியர் முதலில் ருசி பார்க்க வேண்டும் என்ற விதி அதன்பின் இந்தியா முழுவதும் வலியுறுத்தப்பட்டது. நஞ்சுக்கு அது ஓரளவு காவல். நோரோ வைரஸோ 12 முதல் 48 மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டும். ருசி பார்த்தவர் நன்றாக இருக்கும்போதே பந்தி முடிந்துவிடும். அங்கே நாக்கை நம்பிப் பயனில்லை, வெப்பமானிதான் வேண்டும்.

ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகத்தின் பள்ளி உணவுத் தரநிலை சூடான உணவைப் போதிய வெப்பம் குறையாமலும் 3 மணி நேரத்துக்கு மேற்படாமலும் வைத்திருக்கச் சொல்கிறது. சோற்றுக்கு இது மிகவும் பொருந்தும்: கொதியிலும் சாகாத பாக்டீரிய வித்துகள் அண்டாவில் மெல்ல ஆறும் சோற்றில் பெருகும், பிறகு சூடாக்கினாலும் அவை விட்ட நஞ்சு போகாது. வயிற்றுப்போக்கு உள்ளவர் சமையலில் ஈடுபடுவதைத் தொற்றுத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. வெப்பத்தையும் நேரத்தையும் அளந்து பதிவேட்டில் எழுதுவது சமையல்காரருக்குச் சுமை என்பார்கள். அளந்து எழுதுவதற்கு ஆகும் நேரத்துக்கும் கூலி கொடுத்தால் அந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

வீட்டுக்கும் ஒரு சொல். 2011இல் ஜெர்மனியில் 50க்கு மேற்பட்டோரைக் கொன்ற ஈ.கோலி பாக்டீரியத் தொற்று, முளைகட்டிய வெந்தயத்தால் பரவியது. சிறு குழந்தைகளுக்கு முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள்.