கப்பல் பிளந்தா வெல்டர் தலைதான் உருளணுமா?

1943 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம். ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் வெள்ளோட்டத்தை முடிச்சுட்டு கட்டுமானத் துறையில் சும்மா நின்னுக்கிட்டிருந்தது. புயல் இல்லை, அலை இல்லை, எதிரி குண்டும் இல்லை. ராத்திரி திடீர்னு ஒரு மைல் தூரம் கேட்கிற மாதிரி 'டமார்'. கப்பல் நடுவில் பிளந்து, அடித்தகடு மட்டும் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு முனையும் ஆத்துக்குள்ள போக, நடுப்பகுதி வளைஞ்சு மேலே எழும்பிடுச்சு.

முதல் சந்தேகம் யார் மேல? வெல்டிங் மேலதான். நம்ம பொட்டி தட்டுற பொழைப்பு மாதிரியேதான் மக்களே. சர்வர் படுத்தா, கோட் அடிச்சவன் தலைதான் முதல்ல உருளும் :-)

கொஞ்சம் பின்னாடி போவோம். அதுவரைக்கும் கப்பல் கட்டினது ரிவெட் அடிச்சு. ஒரு கோஷ்டிக்கு நாலு பேர். ஒருத்தர் ரிவெட்டை உலையில் பழுக்கக் காய்ச்சித் தூக்கிப் போடுவார், இன்னொருத்தர் அதை வாளியில் பிடித்து ஓட்டையில் சொருகுவார், மூணாமவர் தலைப்பக்கம் முட்டுக் கொடுப்பார், நாலாமவர் மறுமுனையை அடிச்சு நசுக்குவார். ஆறினதும் சின்ன சுத்தியலால் தட்டி, சத்தத்தை வெச்சே ரிவெட் இறுகியிருக்கா, ஆடுதான்னு சொல்லிடுவாங்க. காதுலயே டெஸ்டிங்! இந்த வித்தை கைவர மாசக்கணக்கில் ஆகும்.

யுத்தத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 1941 முதல் 1945க்குள் 2,700க்கும் மேற்பட்ட லிபர்டி சரக்குக் கப்பல்கள் கட்டினாங்க. 1942 நவம்பரில் ராபர்ட் பியரி என்ற கப்பலை அஞ்சு நாளுக்குள்ளேயே தண்ணியில் இறக்கிட்டாங்க. இதெல்லாம் வெல்டிங்கால் வந்த வேகம். துண்டு துண்டா வெளியே செஞ்சு, கிரேனில் தூக்கி வந்து ஒட்டினாங்க. விவசாயிங்க, கடைச் சிப்பந்திங்க, ஆயிரக்கணக்கான பெண்கள்னு சில வாரப் பயிற்சியோட கையில் ஹோல்டர் பிடிச்சவங்க நிறைய.

சில வாரத்தில் எதைக் கத்துக்கலாம்? தரையில் வெச்ச தகட்டில் நேர்கோடு போடலாம். தலைக்கு மேல், உருகின இரும்பு சொட்டாம போடுறது வேற கதை. அதுக்கும் மேல ஃபிட்டர் வேலை. படத்தைப் படிக்கணும், தகட்டில் சாக்பீஸ் கோடு போட்டு பஞ்ச் அடிக்கணும், வெல்டு ஆறும்போது எவ்வளவு சுருங்கி இழுக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு இடைவெளி விடணும். எந்த மூட்டை முதல்ல போடுறதுங்கிற வரிசை தப்பினா, இழுவிசை இரும்புக்குள்ளேயே பூட்டிக்கிட்டுக் கிடக்கும். வெளியே பார்த்தா எல்லாம் பளபளன்னு இருக்கும்.

அதனால வெல்டருங்க எல்லாரும் யோக்கியர்னு நான் வாதாட வரலை. பெரிய சந்துல வெல்டிங் கம்பிகளையே சொருகி மேலாப்புல பூசி மூடுற திருட்டு வேலை இந்தத் தொழிலில் ரொம்பப் பழசு. ஆனா வழக்கு அதோட முடியலை.

1946ல் வந்த விசாரணை அறிக்கை 4,694 கப்பல்களை அலசுச்சு. 970 கப்பல்களில் விரிசல். வேலைத்தரத்தோட டிசைனும் இரும்பும் சேர்ந்தே குற்றவாளிக் கூண்டில் நின்னுச்சு. லிபர்டி கப்பல்களில் சரக்கு இறக்குற திறப்புகளுக்கு சதுர மூலை வெச்சிருந்தாங்க, விசை அத்தனையும் அந்த மூலையில் போய்க் குவியும். அப்புறம் இரும்பு. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியல் அம்மணி ஆராய்ந்து சொன்னாங்க: குளிரில் ஒரு வெப்பநிலைக்குக் கீழே போனா அந்த இரும்பு வளையாது, கண்ணாடி மாதிரி நொறுங்கும். நம்மூர் மெக்கானிக்கல் பசங்க லேபில் ஊசல் சுத்தியலை விட்டு உடைப்பாங்களே, அந்த சார்பி சோதனை அளக்கிறது இந்த நொறுங்கும் குணத்தைத்தான். (ரெக்கார்டு நோட்டு எழுதினப்போ எவனும் இந்தக் கப்பல் கதையைச் சொல்லித் தொலைக்கலை!)

பழைய ரிவெட் கப்பலில் இதே மாதிரி விரிசல் வந்தாலும் அந்தத் தகட்டோட விளிம்பில் நின்னுடும். வெல்டு போட்டா கப்பலே ஒரே தகடு, விரிசலுக்கு ராஜபாட்டை.

தீர்வா மூலைகளை வளைவாக்கினாங்க. மேல்தளத்தில் அங்கங்கே விரிசலைத் தடுக்கிற பட்டைகள் வெச்சாங்க. அதுங்களைப் பொருத்தினது எப்படித் தெரியுமா? மறுபடி ரிவெட் அடிச்சு!