கடன் தளையும் மனித உரிமையும்

காவிரிக் கரையில் ஈரோட்டுக்கு எதிரே அமைந்த நம் பள்ளிபாளையம் விசைத்தறியால் வாழும் ஊர். தறி ஓட்டுபவர் உரிமையாளரிடம் முன்பணம் பெறுவதும், அது தீரும்வரை வேறு தறிக்குச் செல்ல இயலாதிருப்பதும் இங்கு நெடுநாள் வழக்கமாகும். திருமணம், மருத்துவம் என்று செலவு வரவர அக்கடனும் வளரும்.

கடனுக்காக உழைப்பைப் பிணை வைப்பதைக் குற்றமாக்கி, அக்கடனையும் செல்லாததாக்கியது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். ஆயினும் தமிழகக் கொத்தடிமைகளுக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் 1985-இல் உச்ச நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. 1997-இல் இச்சட்டத்தின் செயலாக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2003-இல் தமிழக அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றியது. அதன் பின்னரும், 2010-இல் கந்துவட்டிக் கொடுமையை எதிர்த்த மார்க்சிஸ்ட் கட்சியின் வேலுச்சாமி நம் ஊரிலேயே படுகொலை செய்யப்பட்டார். அண்டை வீட்டாரின் துயருக்காக உயிர் ஈந்தவரை நாம் மறத்தலாகாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் வட்டியை ஒழித்தபோது, முதலில் தள்ளுபடி செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியையே. திருக்குர்ஆன் (9:60) ஜகாத் பெறுவோர் எண்மரில் கடனாளியையும் சேர்த்துள்ளது. சட்டம் ஏட்டில் விடுவித்தவரை நம் ஜகாத் வாழ்வில் விடுவிக்கட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.