வாட்டுக்குப் பஞ்சம் இருந்த காலம்

போன மாதம் இங்கே புனேயில் ஒரு நண்பர் வீட்டில் ஹார்ன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டேன். ஆளுயரத்துக்கு இரண்டு கூம்புகள். ஆம்ப்ளிஃபயரோ வால்வு வகை, எட்டே வாட். ஆனால் பாடுகிறவர் மூச்சை இழுப்பதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருந்தது. விலை கேட்டேன். என் வீட்டு லோனைவிட அதிகம்! அன்றிலிருந்து தூக்கம் போச்சு. சரி, இந்தக் கூம்பின் பூர்வீகம்தான் என்ன?

நம்மூர் கல்யாண மைக்செட் கூம்புக்கும் இதற்கும் தாத்தா ஒருவர்தான். 1915-ல் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் காந்தம், கம்பிச்சுருள், கூம்பு மூன்றையும் சேர்த்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெருங்கூட்டத்தையே கேட்க வைத்தார்கள். 1926-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் 555 டிரைவர் தியேட்டருக்குள் நுழைந்தது. அப்போது வாட்டுக்குப் பஞ்சம். இருக்கிற சில வாட்டை வைத்து அரங்கம் முழுக்கக் கேட்க வைக்க வேண்டும். சாதாரண பெட்டி ஸ்பீக்கர், கொடுக்கிற மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும். மீதி சூடாகப் போய்விடும். நல்ல ஹார்னில் இது 20, 30 பங்கைக்கூடத் தாண்டும். குறுகிய கழுத்தில் காற்றை அழுத்திப் பிடித்து, மெல்ல மெல்ல விரித்து விடுவதால் வரும் லாபம் இது. டயஃப்ரம் கொஞ்சம் அசைந்தாலே போதும். தெளிவுக்கும் அதுதான் காரணம்.

ஆனால் இயற்பியல் சும்மா விடுமா? 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். கூம்பின் வாய்ச் சுற்றளவும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். அதாவது வாய் 2 மீட்டருக்கு மேல் அகலம்! லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் 1930-ல் வைத்த கூம்பின் நீளம் 27 அடி. 1949-ல் கட்டிட இடிப்பில் அது நொறுங்கியது. 2014-ல் திரும்பச் செய்தார்கள். 1940-களில் அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் கூம்பை மடித்து அறை மூலையில் நிறுத்தி, சுவர்களையே கூம்பின் நீட்சியாக்கினார். என் நண்பர்கூட பேஸுக்குத் தனிப் பெட்டிதான் வைத்திருக்கிறார்.

1954-ல் எட்கர் வில்ச்சூரின் ஏஆர்-1 வந்தது. சின்னப் பெட்டியிலேயே நல்ல பேஸ். பின்னாலேயே டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவாகிவிட்டது. தியேட்டர்கள் கழித்துப்போட்ட கூம்புகளை ஜப்பானிய ரசிகர்கள் தேடித்தேடி வாங்கினார்கள். பஞ்சத்தில் பிறந்த பிள்ளை பணக்கார வீட்டுக்குத் தத்துப் போனது இப்படித்தான். இன்று கொடுக்கிற விலையில் பெரும்பங்கு மரத்துக்கும் கைவேலைக்கும். சில ஜோடிகளே விற்கும் பொருள், வேறென்ன செய்வார்கள்?

நேற்று டேப் வைத்து என் ஹாலை அளந்தேன். பத்துக்குப் பதினாலு. ஊரிலிருந்து அம்மா வந்தால் படுப்பது அங்கேதான். கூம்புகளை நிறுத்தினால் பாய் விரிக்க இடமில்லை. அன்றைக்கு வாட்டுக்குப் பஞ்சம். எனக்கு இன்றைக்கு இடத்துக்குப் பஞ்சம். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன். காபியும் கிடைக்கும்.