நூறு கம்பிகளும் முனையிலெழுந்த எதிரொலியும்

வீட்டுக் கணிப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் மூளையாகிய சில்லைப் பற்றியே எழுதுகின்றனர். மூளையையும் நினைவகத்தையும் இணைத்து நின்ற கம்பிகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். ஆயினும் 1970-களில் பொழுதுபோக்காகக் கணிப்பொறி கட்டியவர்களை அலைக்கழித்த கோளாறுகளுள் ஒன்று அக்கம்பிகளிலேதான் ஒளிந்திருந்தது.

1975 ஜனவரி மாதத்திய 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் பொறி வெளிவந்தது. அமெரிக்காவின் அல்புகெர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திய மிட்ஸ் நிறுவனம் அதை உதிரிப் பாகங்களாக 397 டாலருக்கு விற்றது. அதன் மின் அட்டைகள் நூறு தொடுமுனைகள் கொண்ட பொருத்துவாய்களில் செங்குத்தாக நின்றன. எல்லா அட்டைகளும் பொதுவாகப் பங்கிட்டுக்கொள்ளும் இத்தகைய கம்பித் தொகுதிக்குப் 'பஸ்' என்று பெயர். நூறு முனைகளில் தரைமின் இணைப்புக்குக் கிடைத்தவை 50, 100 ஆகிய இரண்டே. கடிகாரத் துடிப்பைச் சுமந்த 24, 25 ஆம் கம்பிகளை ஒட்டியே கட்டளைக் கம்பியும் ஓடியது. ஒன்றின் துடிப்பு மற்றொன்றில் கசிந்தது வியப்பன்று.

அதனினும் நுட்பமானது எதிரொலி. குளத்தில் எழுந்த அலை கரையில் மோதித் திரும்புவதுபோல, கம்பியின் திறந்த முனையை அடைந்த மின்துடிப்பும் திரும்பி வருகிறது. ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடும் அட்டை, தவறான எண்ணை நினைவகத்தில் பதித்துவிடும். 2 மெகாஹெர்ட்ஸ் வேகமே உடைய பொறிக்கு இந்தக் கவலை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கடிகாரத்தின் வேகம் இங்கே பொருட்டன்று. துடிப்பு எத்துணை விரைவில் எழுந்து விழுகிறது என்பதே பொருட்டு. அது சில நானோ நொடிகளில் எழுகிறது. ஒரு நானோ நொடியில் பலகையின் மீது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் செல்கிறது.

இந்நோய்க்கு மருந்து முன்பே தெரிந்திருந்தது. கம்பியின் இயல்புக்கு ஒத்த மின்தடையொன்றை முனையில் வைத்தால் அலை அங்கேயே அடங்கிவிடும். டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட பி.டி.பி.-11 பொறியின் யூனிபஸ் இருமுனையிலும் இவ்வாறு அடைக்கப்பட்டது. ராபர்ட்ஸ் இதைச் செய்யாதது குற்றமா? நான் அவ்வாறு கருதவில்லை. ஆல்டேரின் அடிப்பலகை நான்கு அட்டைகளுக்கானது. அக்குறுகிய தூரத்தில் எதிரொலி பெருந்தொல்லையன்று. வாங்கியவர்கள் பலகையோடு பலகையைக் கம்பிகளால் பற்றவைத்து நீட்டினர். பின்வந்த இம்சாய் 8080 பொறிக்கு 22 இடங்கள் கொண்ட பலகையே கிடைத்தது. கம்பி 40 சென்டிமீட்டரைத் தாண்டியது.

எளிய அடைப்பு இரு மின்தடைகளால் ஆனது: 5 வோல்ட்டிலிருந்து கம்பிக்கு 220 ஓம், கம்பியிலிருந்து தரைக்கு 330 ஓம். கம்பி 3 வோல்ட்டில் அமரும். ஆனால் சும்மா இருக்கும்போதே ஒவ்வொரு கம்பியும் 9 மில்லி ஆம்பியர் உண்கிறது; தொண்ணூறு கம்பிகளுக்கு அது முக்கால் ஆம்பியரை மிஞ்சும். மேலும் அதைக் கீழே இழுத்துப் பிடிக்க 23 மில்லி ஆம்பியர் வேண்டும். சாதாரணச் சில்லு ஒன்றின் வலிமையோ 16 மில்லி ஆம்பியர்தான்! எனவே சிலர் 2.6 வோல்ட் அளவிலான ஒரே ஆதாரத்தை எல்லாக் கம்பிகளுக்கும் பொதுவாக அமைத்தனர். சும்மா எரியும் மின்சாரம் இதனால் மிச்சமாயிற்று. பில் காட்பௌட் போன்றோர் இவ்வகை அடைப்பை அட்டையாகவும் பலகையோடு சேர்த்தும் விற்றனர்.

ஆல்டேருக்கு அட்டைகள் செய்த பிறரை ராபர்ட்ஸ் 'ஒட்டுண்ணிகள்' என்று ஏசியதுண்டு. அதைக் கேட்ட ஹோவர்ட் ஃபுல்மர் தம் நிறுவனத்துக்கே 'பாரசிட்டிக் இன்ஜினியரிங்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்! அவரும் ஜார்ஜ் மாரோவுமே 1978-இல் இந்தப் பஸ்ஸுக்கு ஒரு பொதுவிதியை முன்மொழிந்தனர். 'எஸ்-100' என்ற பெயரும் மிட்ஸ் இட்டதன்று. 1976-இல் குரொமெம்கோவின் ஹாரி கார்லண்டும் ரோஜர் மெலனும் உருவாக்கியது.

1983-இல் ஐ.இ.இ.இ. 696 என்ற நியமம் வெளிவந்தபோது 20, 53, 70 ஆம் முனைகளும் தரைமின் இணைப்பாயின. பழைய ஆல்டேரில் அம்முனைகளுக்கு வேறு பணி இருந்தது. ஆகவே இன்று அப்பொறிகளுக்கு மீண்டும் உயிரூட்ட முனைவோர், அடைப்பு அட்டையைச் செருகுமுன், அம்மூன்று முனைகளும் தம் பலகையில் எங்கே செல்கின்றன என்று பார்த்துக்கொள்கின்றனர்.