சர்வதேச ஸ்தாபனங்களின் சீர்திருத்தம்

பல ராஜ்யங்கள் உடன்படிக்கையினால் ஒன்றுகூடித் தமக்குப் பொதுவான காரியங்களை நிர்வகிப்பதற்கென்று அமைத்துக்கொண்ட சபைகள், காலம் மாறிய பின்பும் தாம் பிறந்த நாளின் பலாபலங்களையே தம் விதிகளில் தாங்கி நிற்பதால், அவற்றின் அமைப்பையும், வாக்களிக்கும் முறையையும், காரியாலயத்தின் நடைமுறையையும் புதிய நிலைமைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் முயற்சிகள் யாவும் இத்தலைப்பில் அடங்கும். இம்முயற்சிகள் மூன்று வழிகளில் நடைபெற்றுள்ளன. மூல சாசனத்தையே முறைப்படி திருத்துவது ஒன்று. சாசனத்தின் சொற்களைத் தொடாமல் வழக்கத்தாலும் வியாக்கியானத்தாலும் அதன் பொருளை மாற்றிக்கொள்வது மற்றொன்று. பழைய ஸ்தாபனத்தைக் கலைத்துவிட்டு வேறொன்றை நிறுவுவது மூன்றாவது. இவற்றுள் முதல் வழி அரிது. மூன்றாம் வழிக்கு ஒரு மகாயுத்தம் வேண்டியிருந்தது. மெய்யாகவே பயன் தந்த மாறுதல்களில் பெரும்பாலானவை இரண்டாம் வழியால் வந்தவையே.

ஆதி ஏற்பாடுகள்: 1815-இல் வியன்னா மகாநாடு ரைன் நதியின் கப்பல் போக்குவரத்தைப் பரிபாலிக்க ஒரு மத்தியக் கமிஷனை ஏற்படுத்தியது, அது மறு ஆண்டு மைன்ஸ் நகரில் முதன்முறையாகக் கூடியது. கரையோர ராஜ்யங்கள் அனைத்துக்கும் அதில் இடமிருந்தபோதிலும், தலைமைப் பரிசோதகரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் வாக்குகள் சமமாகப் பகிரப்படவில்லை. பிரஷ்யாவுக்கு மூன்றில் ஒரு பங்கும், பிரான்சுக்கும் நெதர்லாந்துக்கும் தனித்தனியே ஆறில் ஒரு பங்கும், ஏனைய ஜெர்மானிய அரசுகளுக்கெல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்கும் வகுக்கப்பட்டன. ராஜ்யங்கள் யாவும் சமம் என்னும் தத்துவத்தை வாயால் ஓதிக்கொண்டே வாக்கை எடைபோட்டுக் கொடுக்கும் வழக்கம், உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியும் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே இந்நதிக்கரையில் ஆரம்பமாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான போக்கைத் தபால் யூனியனில் காணலாம். 1874 அக்டோபர் 9-ஆம் தேதி ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் 22 ராஜ்யங்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கையால் தோன்றிய இவ்வமைப்பில், இந்தியா 1876-இல் சேர்ந்தது. அதன் மகாநாடு கூடும்போதெல்லாம் பழைய உடன்படிக்கையைப் பெரும்பான்மை வாக்கினால் திருத்திப் புதிதாக எழுதுவதும், அதனை முறைப்படி அங்கீகரிக்கத் தாமதித்த ராஜ்யம் நடைமுறையில் அதைப் பின்பற்றினால் அங்கீகரித்ததாகவே பாவிப்பதும் வழக்கமாயின. சீர்திருத்தத்துக்கென்று தனியாக ஒரு கிளர்ச்சி அங்கே தேவைப்படவில்லை. கடிதத்தின் எடையிலும் கூலியிலும் எந்த வல்லரசின் கௌரவமும் அடங்கியிருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

சர்வதேச சங்கம்: 1920 ஜனவரி 10-ஆம் தேதி அமலுக்கு வந்த சங்கத்தின் 26 ஷரத்துக்கள் கொண்ட உடன்படிக்கை, சில விலக்குகள் நீங்கலாக எத்தீர்மானத்துக்கும் ஏகமனதான சம்மதம் வேண்டும் என்று 5-ஆம் ஷரத்தில் விதித்தது. இவ்விதியின் விளைவு மஞ்சூரியா விவகாரத்தில் வெளிப்பட்டது. ஜப்பானியத் துருப்புக்கள் குறித்த தேதிக்குள் பின்வாங்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 1931 அக்டோபர் 24-ஆம் தேதி சங்கத்தின் கவுன்சிலில் 13 வாக்குகள் ஆதரவாகக் கிடைத்தும், ஆக்கிரமித்த ஜப்பானே எதிர்த்து அளித்த ஒரே வாக்கினால் அது சட்டப்படி செல்லாததாகிவிட்டது.

கவுன்சிலின் அமைப்போ அதற்கு முன்பே பெருங் கலகத்துக்குக் காரணமாயிற்று. அமெரிக்கா சங்கத்தில் சேராததால், பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் ஆகிய நான்கும் நிரந்தர ஸ்தானம் பெற, பெல்ஜியம், பிரேஸில், கிரீஸ், ஸ்பெயின் ஆகிய நான்கும் தாற்காலிக ஸ்தானம் பெற்று அது தொடங்கியது. 1926-இல் ஜெர்மனியைச் சேர்த்து அதற்கு நிரந்தர ஸ்தானம் அளிப்பதென்று ஏற்பாடானதும், கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் மல்லுக்கு நிற்பதுபோல, போலந்தும் ஸ்பெயினும் பிரேஸிலும் தமக்கும் அத்தகைய ஸ்தானம் வேண்டுமென்று முன்வந்தன. மார்ச்சு மாதம் இதற்கென்றே கூட்டிய விசேஷ சபையைப் பிரேஸிலின் பிடிவாதம் குலைத்தது. முடிவில் தாற்காலிக ஸ்தானங்களை 9 ஆக உயர்த்தி, அவற்றுள் சிலவற்றை வகிப்போர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம் என்று ஓர் இடைவகுப்பைச் சிருஷ்டித்து, செப்டம்பரில் ஜெர்மனியைச் சேர்த்துக்கொண்டனர். போலந்து இதில் திருப்தியடைந்தது. ஸ்பெயின் விலகுவதாக அறிவித்துப் பின்னர்த் திரும்பியது. பிரேஸில் போயே போய்விட்டது. நிரந்தரம் என்ற சொல்லின்மீது ராஜ்யங்களுக்குள்ள மோகம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர்க்கு இந்த ஓராண்டுச் சரித்திரமே போதும்.

சங்கம் செய்த மிக ஆழ்ந்த ஆத்மபரிசோதனை அதன் அந்திமகாலத்தில் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியரான ஸ்டான்லி புரூஸின் தலைமையில் அமைந்த குழு, பொருளாதாரம், சுகாதாரம், போக்குவரத்து முதலிய துறைகளைக் கவுன்சிலின் அரசியல் சச்சரவுகளிலிருந்து பிரித்து, சங்கத்தில் சேராத நாடுகளும் பங்குகொள்ளக்கூடிய ஒரு மத்தியக் கமிட்டியிடம் ஒப்புவிக்கலாம் என்று 1939 ஆகஸ்டில் அறிக்கை சமர்ப்பித்தது. அடுத்த மாதமே யுத்தம் மூண்டதால் அறிக்கை உறையிலேயே கிடந்தது. ஆயினும் பிற்காலத்து ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பொருளாதார சமூக சபையின் கரு அதிலேதான் இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோ மகாநாடு: ஐக்கிய நாடுகள் என்னும் புதிய ஸ்தாபனத்துக்கான சாசனத்தின் நகல் 1944-இல் வாஷிங்டனிலுள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் மாளிகையில் தயாராயிற்று. அங்கே தீராமல் நின்ற வாக்களிப்புப் பிரச்னையை 1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் தமக்குள் தீர்த்துக்கொண்டனர். பாதுகாப்புச் சபையில் நடைமுறை விஷயங்களுக்குப் பதினோருவரில் எழுவரின் வாக்குப் போதும். ஏனையவற்றுக்கு அவ்வெழுவரில் நிரந்தர அங்கத்தினர் ஐவரின் சம்மதமும் அடங்கியிருத்தல் வேண்டும். வீட்டோ என்று உலகம் அறிந்துள்ள தடுப்பதிகாரம் இதுவே; அச்சொல் சாசனத்தில் எங்குமே இல்லை. ஏகமனது என்னும் பழைய விதி ஒழிந்துவிட்டதாகப் பறைசாற்றப்பட்டபோதிலும், அது ஐம்பது பேரிடமிருந்து ஐவரிடம் சுருங்கியதே நடந்த மாறுதல்.

ஏப்ரல் 25-ஆம் தேதி கூடிய மகாநாட்டில் ஆஸ்திரேலிய மந்திரி எவாட், சமாதான வழியில் தகராறு தீர்க்கும் விஷயங்களிலேனும் இவ்வதிகாரம் கூடாது என்று வாதாடினார். அவருடைய திருத்தத்துக்கு ஆதரவாக 10 வாக்குகளும் எதிராக 20 வாக்குகளும் கிடைத்தன. 15 நாடுகள் எப்பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றன. வீட்டோ இல்லையேல் சாசனமே இல்லை என்பதை உணர்த்த, அமெரிக்க செனட்டர் டாம் கானலி நகலொன்றைக் கையிலெடுத்துப் பிரதிநிதிகளின் முன்னிலையில் கிழித்துக் காட்டினார். சிறிய நாடுகள் பெற்ற ஆறுதல் ஒன்றே: பத்தாவது ஆண்டுக்குள் சாசனத்தைப் பரிசீலிக்கும் மகாநாடு கூடாவிடில், அவ்விஷயம் பொதுச் சபையின் நிகழ்ச்சி நிரலில் தானாகவே இடம்பெறும் என்று 109-ஆம் ஷரத்தில் சேர்க்கப்பட்டது. 1955-இல் அது இடம்பெற்றது. தகுந்த காலத்தில் மகாநாட்டைக் கூட்டுவதென்று தீர்மானித்து, அக்காலம் எது என்று ஆராய அங்கத்தினர் அனைவரையும் கொண்ட கமிட்டியும் நியமித்தனர். தகுந்த காலம் இன்னும் வரவில்லை.

அடிமைநாடாயிருந்தும் அங்கே இந்தியா வீற்றிருந்தது. இந்தியத் தூதுகோஷ்டிக்குத் தலைமை வகித்த சர் ஏ. ராமசாமி முதலியார், பொருளாதார, சமூக ஒத்துழைப்பை ஆராய்ந்த கமிட்டியின் தலைவராகப் பணியாற்றி, 1946-இல் அத்துறைக்கென அமைந்த சபைக்கே முதல் தலைவரானார். ஜூன் 26-ஆம் தேதி இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையொப்பமிட்டவர்கள் அவரும் வி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஆவர், இருவரும் சென்னை மாகாணத்தவர்.

வழக்கத்தால் வந்த மாறுதல்கள்: நிரந்தர அங்கத்தினர் வாக்களியாமல் ஒதுங்கினால் அது தடுத்ததாகாது என்பது சாசனத்தின் நேர்ச்சொற்களுக்கு இசையாவிடினும், 1946 முதலே அனுசரிக்கப்பட்டு, 1971-இல் நமீபியா வழக்கில் சர்வதேச நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தால் உறுதிபெற்றது. சீனாவின் ஸ்தானத்தைக் குறித்த சண்டையில் சோவியத் யூனியன் பகிஷ்கரித்திருந்த சமயம் பார்த்துக் கொரியா விஷயத்தில் 1950 ஜூனில் தீர்மானங்கள் நிறைவேறின. அது ஆகஸ்டில் திரும்பிவிடவே, பாதுகாப்புச் சபை வீட்டோவினால் முடங்கும்போது பொதுச் சபையே 24 மணி நேரத்துக்குள் கூடிச் சிபாரிசு செய்யலாம் என்ற சமாதானத்துக்கான ஒற்றுமைத் தீர்மானம், நவம்பர் 3-ஆம் தேதி 52 வாக்குகளால் நிறைவேற்றப்பட்டது. சோவியத் கோஷ்டியின் ஐந்து வாக்குகள் எதிராக விழுந்தன. இந்தியாவும் அர்ஜென்டினாவும் தூரதிருஷ்டியுடன் ஒதுங்கி நின்றன. 1956-இல் சூயஸ் நெருக்கடியில் இம்முறையால் தடுக்கப்பட்டவை பிரிட்டனும் பிரான்சுமே என்பது, அதை உற்சாகமாக ஆதரித்தவர்கள் எதிர்பாராத பலன். அப்போது அனுப்பப்பட்ட சமாதானப் படையைப்பற்றிச் சாசனத்தில் ஒரு வரியும் கிடையாது.

இத்தகைய படைகளின் செலவு மற்றொரு விபரீதத்தில் கொண்டுபோய் விட்டது. செலுத்த மறுத்த சோவியத் யூனியனும் பிரான்சும் வாக்குரிமையை இழக்குமோ என்ற கேள்வி எழவே, அதற்கு விடை சொல்ல அஞ்சி, 1964-இல் கூடிய 19-ஆவது கூட்டத்தொடரை ஏறக்குறைய வாக்கெடுப்பே இன்றி நடத்தி முடித்தார்கள்.

காரியாலயம்: பல நாட்டு ஊழியர்கள் தத்தம் அரசுகளுக்கன்றி ஸ்தாபனத்துக்கே கட்டுப்பட வேண்டும் என்பது, சங்கத்தின் முதல் பொதுக் காரியதரிசி எரிக் டிரம்மண்ட் வகுத்த நெறி. 1960-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ், பொதுக் காரியதரிசி ஒருவருக்குப் பதிலாக மேற்கு, சோவியத், நடுநிலை என்று மூன்று அணிகளின் பிரதிநிதிகள் மூவர் அமர வேண்டும் என்று கோரியது இந்நெறியை அடியோடு பெயர்த்திருக்கும். மறு ஆண்டு பொதுக் காரியதரிசி ஹாமர்ஷோல்ட் விமான விபத்தில் மாண்டதும் பொறுப்பேற்ற ஊ தாண்ட், பல நாட்டு ஆலோசகர்களை அருகே வைத்துக்கொண்டதோடு அவ்விவாதத்தை அடக்கிவிட்டார். அவ்வாலோசகர்களுள் தமிழரான சி. வி. நரசிம்மனும் ஒருவர். உதவித் திட்டங்களை நடத்தும் பல ஏஜென்சிகளை ஒரே மையத்தின்கீழ்க் கொணர வேண்டும் என்று 1969-இல் சர் ராபர்ட் ஜாக்ஸன் எழுதிய அறிக்கை, எல்லாராலும் பாராட்டப்பட்டுப் பாதியளவே கையாளப்பட்டது.

சாசனத் திருத்தங்கள்: சாசனத்தைத் திருத்தப் பொதுச் சபையில் மூன்றில் இருபங்கு வாக்கும், பின்னர் நிரந்தர ஐவர் உள்ளிட்ட மூன்றில் இருபங்கு அங்கத்தினரின் அங்கீகாரமும் வேண்டும். 1960-இல் மட்டும் 17 புதிய நாடுகள் சேர்ந்து, 51 ஆயிருந்த எண்ணிக்கை 1963-இல் 110-ஐத் தாண்டியதால், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் நியாயமான கோரிக்கையைத் தள்ளிப்போட இயலாமற்போயிற்று. டிசம்பர் 17-ஆம் தேதி பாதுகாப்புச் சபையை 11-லிருந்து 15 ஆகவும், பொருளாதார சமூக சபையை 18-லிருந்து 27 ஆகவும் விரிவாக்கும் தீர்மானம் நிறைவேறியது. பிரான்சும் சோவியத் யூனியனும் எதிர்த்தன. பிரிட்டனும் அமெரிக்காவும் ஒதுங்கின. எனினும் 1965 ஆகஸ்டு 31-க்குள் நிரந்தர ஐவரும் அங்கீகரித்துவிட்டனர். எண்ணிக்கையின் பலத்தை வீட்டோ வைத்திருப்போரும் என்றைக்கும் எதிர்த்து நிற்க முடியாது என்பதற்கு இது ஓர் அத்தாட்சி. வீட்டோவைமட்டும் அத்திருத்தம் தொடவில்லை.

இன்றைய நிலை: பாதுகாப்புச் சபையைத் திருத்தியமைக்க 1993-இல் அமைந்த குழுவும், 1997-இல் மலேசியாவின் ரஸாலி வகுத்த திட்டமும், இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேஸில் நான்கும் 2005-இல் முன்வைத்த தீர்மானமும், 2009 முதல் நடைபெறும் அரசுகளிடைப் பேச்சும் முடிவு காணவில்லை. எனினும் 2006-இல் மனித உரிமைக் கமிஷனுக்குப் பதிலாக 47 நாடுகளின் சபை ஏற்பட்டது, 2022 முதல் வீட்டோ உபயோகிக்கப்பட்டால் பொதுச் சபை கூடி விவாதிக்கிறது. அங்கத்தினர் தொகை இப்பொழுது 193. சாசனத்தின் 23-ஆம் ஷரத்தில் நிரந்தர அங்கத்தினராகச் சீனக் குடியரசின் பெயரும் சோவியத் யூனியனின் பெயருமே இன்றும் காணப்படுகின்றன. கடைசியாக அமலுக்கு வந்த சாசனத் திருத்தம், பொருளாதார சமூக சபையை 54 ஆக்கியது. அதன் தேதி 1973 செப்டம்பர் 24.