ஃபோர் வீல் காடிக்கு டீசல் என்ஜின்: மாற்றினால் எண்ணெய்ச் செலவு குறையுமா?

டெங்கில் - செம்பனைத் தோட்டங்களும் மணல் லோரிகளும் புதிய வீடமைப்புப் பகுதிகளும் அடுத்தடுத்து இருக்கும் செப்பாங் மாவட்டப் பட்டணம் இது. இன்று புத்ராஜெயா இருக்கும் நிலத்தில் முன்பு பெராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்து வெளியேறிய நம்மவர்கள் பலர் டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் குடியேற்றப்பட்டனர். தோட்டத்து மண் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் ஒரே காடியை வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஃபோர் வீல் வாகனம் தொழிற்கருவி மாதிரி. அதன் எண்ணெய்ச் செலவு நேரே வீட்டுச் செலவில் கை வைக்கிறது.

அதனால்தான், பழைய பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் பொருத்தும் எண்ணம் பலருக்கும் வருகிறது. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது, எவ்வளவு மிச்சமாகும், சட்டம் என்ன சொல்கிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

டீசல் ஏன் அதிக தூரம் ஓடுகிறது?

முதல் காரணம் எண்ணெயிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்ப ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிடச் சுமார் 10 முதல் 15 விழுக்காடு அதிகம்.

இரண்டாவது காரணம் அழுத்தம். பழைய பெட்ரோல் என்ஜின் காற்றும் எண்ணெயும் கலந்த கலவையை 8 அல்லது 9 மடங்கு அழுத்தி, பிளக் பொறியால் எரிக்கிறது. டீசல் என்ஜின் வெறும் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அழுத்துகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் கூடினால் அதே எண்ணெயிலிருந்து கிடைக்கும் உழைப்பும் கூடும்.

மூன்றாவதாக, பெட்ரோல் என்ஜின் மெதுவாக ஓடும்போது காற்று வழியைத் திராட்டில் பாதி அடைத்திருக்கும். என்ஜின் மூச்சுத் திணறியபடியே காற்றை இழுக்க வேண்டும். டீசலில் காற்று வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். பீய்ச்சும் எண்ணெயின் அளவு மட்டுமே கூடிக் குறையும். தோட்டத்துக்குள் ஊர்ந்து போகும் வாகனத்துக்கு இது பெரிய லாபம். குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைப்பதால் மேட்டிலும் சேற்றிலும் கியரைக் கொன்று ஓட்டவும் தேவையில்லை.

முன்னோடிகள்

இது புது யோசனை அன்று. 1948ல் லேண்ட் ரோவர் அறிமுகமானபோது பெட்ரோல் என்ஜினில் மட்டுமே வந்தது. 1957ல் டீசலும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 1980களில் லேண்ட் ரோவருக்குள் ஜப்பானின் இசுசு 4பிடி1 என்ற 3.9 லிட்டர் டீசல் என்ஜினைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றார்கள். அந்நாட்டு இராணுவமும் அந்த வகை வாகனங்களை வாங்கியது. இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் ஜீப்புகளுக்கு பியூஜோ வடிவமைத்த டீசல் என்ஜினைப் பயன்படுத்தியது. நம் நாட்டில், கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களுக்குள் ஜப்பானிய டீசல் என்ஜின்கள் ஓடுவதைக் காணலாம்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று உண்டு. பாரம் ஏற்றி, மெதுவாக, நாள் முழுதும் ஓடும் வாகனத்துக்கு டீசல் தேவைப்பட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டே அடுத்த கணக்கைப் பார்க்க வேண்டும்.

2024 ஜூன் 10க்குப் பிறகு

அன்று வரை தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னாகவும், ரோன்95 பெட்ரோல் 2 ரிங்கிட் 5 சென்னாகவும் இருந்தன. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் அதிக தூரம் ஓடும் டீசலுக்கே லாபம். அன்று முதல் தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை முறை மாற்றப்பட்டு, விலை 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. பிறகு சந்தை நிலவரத்தைப் பொறுத்து ஏறி இறங்கி வருகிறது. 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டத்தின் கீழ் தகுதியுள்ள மலேசியர்களுக்கு ரோன்95 விலை 1 ரிங்கிட் 99 சென்னாகக் குறைந்தது.

ஒரு பேச்சுக்கு, மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வாகனத்தை எடுத்துக்கொள்வோம். பழைய பெட்ரோல் என்ஜினில் லிட்டருக்கு 7 கிலோமீட்டரும், மாற்றிய டீசல் என்ஜினில் 10 கிலோமீட்டரும் கிடைப்பதாக வைப்போம். மாதத்துக்கு 214 லிட்டர் பெட்ரோல் அல்லது 150 லிட்டர் டீசல் தேவைப்படும்.

பழைய விலையில்: பெட்ரோல் 439 ரிங்கிட், டீசல் 323 ரிங்கிட். மிச்சம் மாதம் 116 ரிங்கிட்.

பெட்ரோல் 1.99, டீசல் 3.35 என்ற விலையில்: பெட்ரோல் 426 ரிங்கிட், டீசல் 503 ரிங்கிட். நட்டம் மாதம் 77 ரிங்கிட்.

இந்த வாகனத்துக்கு டீசல் விலை 2 ரிங்கிட் 84 சென்னைத் தாண்டினால் மிச்சம் ஏதுமில்லை. தங்கள் வாகனத்துக்கான எல்லையை அறிய எளிய வழி: பெட்ரோல் விலையை டீசலில் கிடைக்கும் கிலோமீட்டரால் பெருக்கி, பெட்ரோலில் கிடைக்கும் கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். வரும் தொகையைவிட டீசல் விலை குறைவாக இருந்தால் மட்டுமே லாபம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தேய்ந்துபோன பெட்ரோல் என்ஜினோடு நல்ல டீசல் என்ஜினை ஒப்பிட்டால் டீசல் அபாரமாகத் தெரியும். அதே பெட்ரோல் என்ஜினை ஓவர்ஹால் செய்து 8.5 கிலோமீட்டர் கிடைத்துவிட்டால், மேற்சொன்ன எல்லை 2 ரிங்கிட் 34 சென்னுக்கு இறங்கிவிடுகிறது.

மாற்றும் செலவையும் சேர்க்க வேண்டும். என்ஜின், கூலி, உபரிப் பாகங்கள் எல்லாம் சேர்ந்து 15,000 ரிங்கிட் ஆனால், மாதம் 116 ரிங்கிட் மிச்சத்தில் அந்தப் பணம் திரும்பிவரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்.

எந்த என்ஜின்?

இசுசு 4ஜேபி1 (2,771 சிசி), மிட்சுபிஷி 4டி56 (2,477 சிசி), தோயோத்தா 2எல் (2,446 சிசி), தோயோத்தா 1கேஇசட் (2,982 சிசி), நிசான் டிடி27 (2,663 சிசி) ஆகியவை இத்தகைய மாற்றங்களில் அடிக்கடி பேசப்படும் பெயர்கள். இவை பெரும்பாலும் ஹாஃப் கட் கடைகளில் கிடைக்கும்.

பம்ப் மூலம் எண்ணெய் பீய்ச்சும் பழைய வகை என்ஜினைச் சாதாரண பட்டறையிலும் சரிசெய்யலாம். கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வகை இன்னும் சிக்கனமானது, புகையும் குறைவு. ஆனால் அதன் கணினி, வயர் கட்டு, சென்சார் எல்லாம் முழுதாக வர வேண்டும். தண்ணீரோ தூசியோ கலந்த டீசல் போனால் அதன் இன்ஜெக்டர்கள் விரைவில் பழுதாகும், விலையும் அதிகம். 4டி56 போன்ற என்ஜின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. வாங்கியவுடன் அதை மாற்றிவிடுவது நல்லது. அறுந்தால் வால்வுகள் நொறுங்கும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பிரேக்: பெட்ரோல் என்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் பூஸ்டரை இயக்குகிறது. டீசலில் அந்த வெற்றிடம் கிடைக்காது. தனி வெற்றிடப் பம்ப் வேண்டும். பல டீசல் என்ஜின்களில் அது ஆல்டர்னேட்டரோடு இருக்கும். இதை விட்டுவிட்டால் பிரேக் கல்லாகிவிடும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

கியர்: டீசல் என்ஜின் சுழற்சி குறைவு. பெட்ரோலுக்கான கியர் விகிதத்தை அப்படியே வைத்தால் நெடுஞ்சாலையில் என்ஜின் கத்தும், எண்ணெய்ச் சிக்கனமும் காணாமல் போகும். டிஃபரென்ஷியல் விகிதத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எடை: டீசல் என்ஜின் கனமானது. முன் ஸ்பிரிங், மவுண்டிங், ரேடியேட்டர் ஆகியவை தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெய் வழி: டாங்கியைக் கழுவி, டீசல் திரும்பி வரும் குழாயும் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் பொருத்த வேண்டும். இங்கு விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. அது பழைய டாங்கியின் அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும் என்பதால், தொடக்கத்தில் ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

மின்சாரம்: சில ஜப்பானிய டீசல் என்ஜின்கள் 24 வோல்ட்டில் இயங்குபவை. வாகனம் 12 வோல்ட் என்றால் ஸ்டார்ட்டர், குளோ பிளக், ஆல்டர்னேட்டர் மூன்றையும் பொருத்தம் பார்க்க வேண்டும்.

கெரானில் ஏறாத என்ஜின்

என்ஜின் மாற்றம் ஜேபிஜே பதிவில் ஏற வேண்டும். எல்லா வாகனத்துக்கும் எல்லா மாற்றத்துக்கும் ஒப்புதல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே என்ஜினுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஜேபிஜே கவுண்டரில் கேட்டுத் தெளிவது அவசியம். வாங்கும்போது என்ஜின் எண் தெளிவாக உள்ள ரசீதையும், இறக்குமதி என்ஜின் என்றால் சுங்கத்துறைப் பத்திரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். இவை இல்லாத என்ஜின் திருட்டு வாகனத்திலிருந்து வந்ததாகவும் இருக்கக்கூடும். கடனில் உள்ள வாகனம் என்றால் வங்கியின் சம்மதமும் தேவைப்படும். மாற்றியபின் வாகனச் சோதனை முடிந்து, புதிய என்ஜின் எண், கொள்ளளவு, எரிபொருள் வகை ஆகியவை பதிவாக வேண்டும். ரோட் டேக்ஸ் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுவதால் அதுவும் மாறலாம்.

இதைச் செய்யாமல் ஓட்டுபவருக்கு வரும் இழப்பு பல வகை. விபத்து நேர்ந்தால், பதிவோடு பொருந்தாத என்ஜினைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. வாகனத்தை விற்கும்போது பெயர் மாற்றச் சோதனையில் என்ஜின் எண் சிக்கிக்கொள்ளும்.

எண்ணெய் உதவியும் கிடைக்காது. 2024ல் தொடங்கிய பூடி மடானி திட்டத்தில் தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளருக்கு மாதம் 200 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன கணக்கில் அந்தத் தொகை 503 ரிங்கிட்டை 303 ஆக்கி, நட்டத்தை லாபமாக்கிவிடும். ஆனால் வாகனம் டீசல் என்று பதிவாகி, ரோட் டேக்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். பதிவில் பெட்ரோல் என்றிருந்தால் இந்தத் தொகைக்கு வழியில்லை. பூடி95ம் பயன்படாது, ஏனெனில் டாங்கியில் ஊற்றுவது டீசல். கெரானை மாற்றாதவர் இரண்டு உதவியையும் இழக்கிறார்.

புகையும் கவனத்துக்குரியது. டீசல் வாகனப் புகை 50 ஹார்ட்ரிட்ஜ் அளவைத் தாண்டக் கூடாது என்பது 1996ஆம் ஆண்டு விதிமுறை.

யாருக்குப் பொருந்தும்?

தினமும் செம்பனைக் குலையோ வேறு பாரமோ ஏற்றுபவர், மாதம் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர், உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவர், என்ஜின் ஏற்கெனவே பழுதாகி எப்படியும் செலவு செய்தாக வேண்டியவர் - இவர்களுக்கு டீசல் மாற்றம் பொருந்தலாம். வேலைக்குப் போய்வரவும் வார இறுதியில் காட்டுப் பக்கம் போகவும் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் பணம் திரும்புவது கடினம்.

முடிவெடுக்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை செய்யலாம். டாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுத்துப் பார்க்க வேண்டும். மூன்று தடவை செய்தால் உண்மை தெரியும். பெரிய டயர் போட்ட வாகனத்தில் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிறகு டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிளக், இறுகிய பிரேக் ஆகியவற்றைச் சரிசெய்து மீண்டும் அளக்கலாம். அதன் பிறகும் எண் மாறவில்லை என்றால் என்ஜின் மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம்.